அமெரிக்க மாணவர் கடன்: 2026 ஜூலை 1-க்குப் பிறகு குடும்பக் கணக்கை எப்படிப் போடுவது?

"பெற்றோர் கடன் வருஷத்துக்கு இருபதாயிரம் டாலர்னு போட்டிருக்காங்க. நாலு வருஷத்துக்கு எண்பதாயிரம். மிச்சத்தை எப்படியாவது சமாளிச்சிடலாம் இல்லையா?" என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். மகளுக்கு ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. அவர் படித்தது சரிதான், அடுத்த வரியை மட்டும் படிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மொத்தமே 65,000 டாலர்தான். மூன்று வருடம் இருபது இருபதாக வாங்கினால், நாலாவது வருடத்துக்கு மிஞ்சுவது 5,000. பட்டம் வாங்கப் போகிற வருடத்தில் கையில் பணம் இருக்காது.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டத்தை வரிச் சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். மத்திய அரசின் மாணவர் கடன் விதிகளையும் அதே சட்டம்தான் புரட்டிப் போட்டது. பெரும்பாலான மாற்றங்கள் 2026 ஜூலை 1-ல் தொடங்குகின்றன. இளங்கலை மாணவரே தன் பெயரில் வாங்கும் கடனின் வரம்பு அப்படியே இருக்கிறது. பெற்றோர் வாங்கும் கடன், முதுகலை மற்றும் தொழிற்படிப்புக் கடன், திருப்பிக் கட்டும் முறை ஆகிய மூன்றும் மாறிவிட்டன.

இதுவரை வருடா வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடிந்தது. கல்லூரி சொல்லும் மொத்தச் செலவில் மற்ற உதவிகள் போக எவ்வளவு குறைந்தாலும், பெற்றோர் கடனாக அரசு கொடுத்துவிடும். இனி அது நடக்காது. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நாலு வருடத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தாக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்தத் தாளை நிரப்புவதற்குத்தான்.

முதல் படி: இந்தக் கடன் உங்கள் வீட்டுக்கு உண்டா?

நம்மவர் வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மத்திய அரசின் கடனும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிரான்ட் போன்ற உதவியும் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதிகள் போன்ற வேறு சில பிரிவினருக்கும் மட்டுமே. எஃப்-1 விசாவில் படிக்க வருபவர்களுக்குக் கிடையாது. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல மாநிலங்கள் உள்ளூர் மாணவருக்கான கட்டணத்தைத் தருகின்றன. அதை மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே விசாரியுங்கள்.

பெற்றோர் எச்-1பி விசாவில், பிள்ளை மட்டும் இங்கே பிறந்த குடிமகன் என்றால் கதை வேறு. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும் வீடுகளில் இதுதான் நிலைமை. பிள்ளை தன் பெயரில் எல்லா மத்திய உதவிக்கும் விண்ணப்பிக்கலாம், பெற்றோரின் விசா அதைக் கெடுக்காது. பேரண்ட் பிளஸ் எனப்படும் பெற்றோர் கடனுக்கு மட்டும் பெற்றோரும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். அப்படி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நாலாவது படியில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்து கேட்பவர்கள் மிகக் குறைவு.

இரண்டாம் படி: கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

பழைய கடன் வரம்பு தொடர இரண்டு நிபந்தனைகள் உண்டு. 2026 ஜூன் 30 அன்று மாணவர் ஒரு படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் படிப்புக்காக ஜூலை 1-க்கு முன்பே மத்திய நேரடிக் கடன் ஒன்றாவது வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பழைய வரம்பே தொடரும். எதுவரை? மூன்று கல்வியாண்டு, அல்லது படிப்பு முடிய மீதமிருக்கும் காலம், இரண்டில் எது குறைவோ அதுவரை.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் படியுங்கள். கையிலிருந்தே கட்டி, கடனே வாங்காமல் இரண்டு வருடம் ஓட்டியவருக்கு இந்தச் சலுகை இல்லை. சிக்கனமாக இருந்தவருக்குத்தான் இதில் நஷ்டம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கல்லூரி மாறினால் சலுகை போய்விடும். அதே கல்லூரிக்குள் பாடப்பிரிவு மாறுவதாக இருந்தாலும், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சலுகை வரம்புக்கு மட்டும்தான். பழைய வரம்பின்படி வாங்கினாலும், ஜூலை 1-க்குப் பிறகு கைக்கு வரும் கடனைப் புதிய முறைப்படிதான் திருப்பிக் கட்ட வேண்டும். பழைய கடன்களுக்கான திட்டத் தேர்வும் அதனால் சுருங்கும்.

மூன்றாம் படி: ஃபாஃப்ஸா, அப்புறம் பிள்ளையின் பெயரில் உள்ள கடன்

நமக்கு வருமானம் அதிகம், ஒன்றும் கிடைக்காது என்று, மத்திய உதவிக்கான விண்ணப்பமாகிய ஃபாஃப்ஸா படிவத்தையே நிரப்பாமல் விடுகிற வீடுகள் நிறைய. அது தவறு. மானியமில்லாக் கடனுக்கு (படிக்கும்போதே வட்டி ஏறும் அரசுக் கடன்) வருமான வரம்பே கிடையாது, ஆனால் ஃபாஃப்ஸா இல்லாமல் அதுவும் வராது. அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மாணவரும் பெற்றோரும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் தொடங்கலாம்.

சொத்து விவரத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. குடியிருக்கும் வீட்டையும், 401(கே) போன்ற ஓய்வூதியச் சேமிப்பையும் சொல்ல வேண்டாம். ஆனால் சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட், ஊரில் வாங்கிப் போட்ட மனை, அங்குள்ள வைப்புநிதி எல்லாம் சொத்துக் கணக்கில் வரும். நாடு வேறு என்பதால் அவை தப்பாது. இன்னொரு பக்கம், முழுநேர ஊழியர் நூறு பேருக்கு மேற்படாத குடும்பத் தொழிலின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை என்ற பழைய விலக்கு 2026-27 படிவத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. மளிகைக் கடையோ மோட்டலோ நடத்துபவர்களுக்கு இது நல்ல செய்தி.

பெல் கிரான்ட் பற்றிச் சுருக்கமாக: 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர். குடும்பத்தின் வசதியைக் காட்ட ஃபாஃப்ஸா கணக்கிடும் குறியீட்டு எண் இந்த அதிகபட்சத்தைப் போல இருமடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால், 2026 ஜூலையிலிருந்து பெல் கிடையாது. 8 முதல் 15 வாரத்துக்குள் முடியும் சில வேலைப் பயிற்சிகளுக்கும் பெல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இப்போது கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500, மூன்றாம் வருடத்திலிருந்து 7,500 வாங்கலாம். நாலு வருடத்துக்கு 27,000 ஆகிறது. ஐந்தாவது வருடத்துக்கு நீண்டால் மொத்த உச்சவரம்பு 31,000. இதில் ஒரு பகுதி மானியக் கடனாகக் கிடைக்கலாம். படிக்கும் காலத்தில் அதற்கு வட்டியை அரசே ஏற்கும். மற்றதற்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறும். 2025-26-ல் வட்டி 6.39 சதவீதம். ஒவ்வொரு ஜூலையிலும் புதிய கடனுக்கு விகிதம் மாறும், வாங்கிய கடனுக்குக் கடைசிவரை அதே விகிதம்.

புதிதாக வந்த ஒரு விதியைப் பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். முழுநேர மாணவராக இல்லாவிட்டால் அதே விகிதத்தில் கடன் வரம்பும் குறையும். முக்கால் பங்கு நேரம் படித்தால், முதலாமாண்டு மாணவரின் 5,500 என்பது 4,125 ஆகிவிடும். "கெமிஸ்ட்ரி கஷ்டமா இருக்கு, இந்த செமஸ்டர்ல ஒரு கோர்ஸை விட்டுடறேன்" என்பது இனி மதிப்பெண் விஷயம் மட்டும் இல்லை, பண விஷயமும்கூட. போதாக்குறைக்கு, சட்டம் அனுமதிப்பதைவிடக் குறைந்த வரம்பை ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு வைக்கவும் கல்லூரிகளுக்கு இப்போது அதிகாரம் உண்டு.

பெற்றோரைவிடப் பிள்ளை முதலில் கடன் வாங்குவதுதான் சரி என்பது என் கருத்து. பிள்ளையைக் கடனில் தள்ளக் கூடாது என்ற பாசத்தில் பேரண்ட் பிளஸை முதலில் எடுப்பவர்கள் உண்டு. பிள்ளையின் கடனுக்கு வட்டி குறைவு. வருமானத்தை ஒட்டிய தவணையும் உண்டு. பெற்றோரின் கடனுக்கு இரண்டும் இல்லை. உதவ வேண்டுமென்றால், பிற்பாடு பிள்ளையின் தவணையைப் பெற்றோர் கட்டலாம். அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

நாலாம் படி: பேரண்ட் பிளஸ்

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது.

2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்தில் 20,000 டாலர், வாழ்நாள் மொத்தம் 65,000. அப்பாவுக்கு இருபது, அம்மாவுக்கு இருபது என்று எண்ண வேண்டாம், இருவருக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. பாதியை அடைத்துவிட்டால் அவ்வளவு மறுபடி வாங்கலாமா என்றால் அதுவும் இல்லை. ஒருமுறை வாங்கியது வாங்கியதுதான், திருப்பிக் கட்டியதால் வரம்பு நிரம்பாது.

2025-26-ல் இதன் வட்டி 8.94 சதவீதம். அது போக 4.228 சதவீதம் கட்டணமாக முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். 20,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்குப் போய்ச் சேருவது சுமார் 19,154. பில்லில் 20,000 கட்ட வேண்டியிருக்கிறதே என்று சரியாக 20,000-க்கு விண்ணப்பிப்பவர்கள், ஆகஸ்டில் இந்த 846 டாலர் எங்கே போனது என்று தேடுவார்கள்.

முழு 65,000-ஐயும் இதே விகிதத்தில் வாங்கினால், புதிய முறையில் 20 வருடத் தவணை. மாதம் ஏறக்குறைய 582 டாலர். கட்டி முடிக்கும்போது மொத்தம் 1,39,000-ஐத் தாண்டியிருக்கும். ஐம்பது வயதில் கையெழுத்துப் போடும் தகப்பனாருக்குக் கடைசித் தவணை எழுபது வயதில்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. ஜூலை 1-க்குப் பிறகு வாங்கும் பேரண்ட் பிளஸுக்கு, வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கும் திட்டம் எதுவும் கிடையாது, நிலையான தவணை மட்டும்தான். 2027 ஜூலை 1 முதல் வாங்கும் கடன்களுக்கு, வேலை போனாலும் பொருளாதார நெருக்கடி வந்தாலும் தவணையை ஒத்திவைக்கும் பழைய வசதிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. எஞ்சுவது தற்காலிக நிறுத்தம் ஒன்றுதான். அதுவும் 24 மாதத்தில் 9 மாதத்துக்கு மேல் கிடைக்காது, அந்த நேரத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐ.டி. வேலையில் ஒரு காலை நேர மின்னஞ்சலில் எல்லாம் முடிந்துபோவதைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே தாளில் 20,000 என்று எழுதும் முன், இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோனாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் தொகையைக் குறையுங்கள்.

பெற்றோரின் கடன் வரலாறு சரியில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பிள்ளைக்குத் தன் பெயரில் கூடுதல் மானியமில்லாக் கடன் கிடைக்கும். முதல் இரண்டு வருடம் 4,000 டாலர், பிறகு 5,000. நிராகரிப்பு வந்த உடனே துவண்டுவிட வேண்டாம், சில வீடுகளுக்கு அதுவே நல்லதாகவும் முடியும்.

எச்-1பி பெற்றோருக்கான வழியும் இதுதான். பெற்றோர் குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவரோ இல்லாததால் பேரண்ட் பிளஸ் வாங்க இயலாது என்ற நிலையை விதிவிலக்கான சூழ்நிலையாக ஏற்று, அதே கூடுதல் தொகையை மாணவருக்குத் தர நிதியுதவி அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தானாக வராது, எழுதிக் கேட்க வேண்டும். முன்மேசையில் இருப்பவர் "பெற்றோர் முதலில் விண்ணப்பித்து நிராகரிப்புக் கடிதம் கொண்டுவரட்டும்" என்று சொன்னால், பெற்றோருக்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லை என்பதை எடுத்துச் சொல்லி மேலே உள்ள ஆலோசகரிடம் கேளுங்கள். வருடத்துக்கு 4,000 டாலர், ஒரு மின்னஞ்சல் எழுதுகிற உழைப்புக்கு மோசமில்லை.

ஐந்தாம் படி: முதுகலை, மருத்துவம், சட்டம்

மொத்தச் செலவுவரை கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் புதிதாக வாங்குபவர்களுக்கு முடிந்துவிட்டது. முதுகலை, முனைவர் பட்ட மாணவருக்கு வருடம் 20,500, மொத்தம் 1 லட்சம் டாலர். தொழிற்படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம். இளங்கலையில் வாங்கியதையும் சேர்த்து ஒருவர் வாழ்நாளில் மாணவராக வாங்கக்கூடியது 2,57,500 டாலர்.

எது தொழிற்படிப்பு என்பதில்தான் சண்டையே. 2025 நவம்பரில் கல்வித் துறையின் விதி வகுக்கும் குழு ஒப்புக்கொண்ட வரையறையில் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மருந்தியல், சட்டம், கண் பார்வையியல், இறையியல், மருத்துவ உளவியல் போன்றவை இருந்தன. செவிலியர் மேற்படிப்பு, பிசியோதெரபி, சமூகப்பணி, பொதுச் சுகாதாரம் ஆகியவை இல்லை. செவிலியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மகள் பிசியோதெரபி முனைவர் பட்டம் படிக்கப் போகிறாள் என்றால், ஐம்பதை எழுதாமல் இருபதரையை எழுதிக் கணக்குப் போடுங்கள். பிறகு கூடினால் லாபம்.

மருத்துவத்துக்கு 50,000 பெருக்கல் நாலு, சரியாக 2 லட்சம். நாலு வருடமும் உச்சவரம்புவரை வாங்கலாம் என்பது ஆறுதல். ஆனால் பல மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் ஐம்பதாயிரத்தை எளிதாகத் தாண்டும். மாநிலத்துக்குள் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியின் மதிப்பு இதனால் கூடியிருக்கிறது.

ஆறாம் படி: பள்ளத்தை எழுதிப் பாருங்கள்

இப்போது தாளை எடுங்கள். ஒரு கல்லூரியில் உதவித்தொகை போக வருடத்துக்கு 45,000 டாலர் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருடத்துக்கு 1,80,000. கட்டணம் வருடா வருடம் ஏறுமே என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். பிள்ளையின் கடன் 27,000, பெற்றோர் கடன் முழுவதுமாக 65,000, கூட்டினால் 92,000. மீதி 88,000 டாலர் சேமிப்பிலிருந்தோ மாதச் சம்பளத்திலிருந்தோ வர வேண்டும். பெற்றோர் கடனை வருடம் இருபதாயிரமாக எடுப்பவர் முதல் வருடத்தை மட்டும் பார்த்தால் பள்ளம் 19,500-தான், சமாளித்துவிடலாம் என்று தோன்றும். நாலாம் வருடம் அதே பள்ளம் 32,500 ஆகிவிடும். என் நண்பர் பார்க்கத் தவறியது இந்த நாலாவது வரியைத்தான்.

பெரும்பாலான கல்லூரிகள் சம்மதம் கேட்கும் மே 1-க்கு முன்பே இது தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. ஃபாஃப்ஸா பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை. அதன்பின் வேலை போயிருந்தாலோ மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, ஆதாரத்துடன் மறுபரிசீலனை கேட்கலாம். கட்டணத்தை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு, சிறு பதிவுக் கட்டணம் இருக்கும், வட்டி பெரும்பாலும் இருக்காது. முதல் இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரியில் படித்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை நம் கல்யாண வீட்டுப் பேச்சுகளில் கௌரவக் குறைவாகப் பார்ப்பார்கள். பட்டத்தில் இருக்கப்போவது கடைசியாகப் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர்தான்.

பெற்றோர் கடனை எந்த வருடம் எவ்வளவு எடுப்பது என்பதும் உங்கள் கையில்தான். 65,000-ஐ நாலாகப் பிரித்தால் 16,250. முதல் மூன்று வருடம் இருபதாயிரத்தைத் தொடாமல் இப்படிச் சமமாக எடுத்தால் கடைசி வருட அதிர்ச்சி இருக்காது.

தனியார் கடன் வரிசையில் கடைசி. பெற்றோர் இணைக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், வட்டி மாறக்கூடியதாக இருக்கலாம், வருமானத்தை ஒட்டிய தவணையும் அரசின் கடன் தள்ளுபடியும் கிடையாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். வட்டி நிலையானதா? எத்தனை தவணைக்குப் பிறகு இணைக் கையெழுத்துப் போட்டவரை விடுவிப்பார்கள்? மாணவர் இறந்துபோனாலோ முடங்கிப்போனாலோ கடன் ரத்தாகுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்க வாய் வராது. ஆனாலும் கேளுங்கள்.

ஏழாம் படி: திருப்பிக் கட்டும் முறையை வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்

ஜூலை 1-க்குப் பிறகு மாணவர் வாங்கும் கடனுக்கு இரண்டே வழிகள்.

ஒன்று, நிலையான தவணை. கடன் 25,000 டாலருக்குள் இருந்தால் 10 வருடம், 50,000-க்குள் 15, ஒரு லட்சத்துக்குள் 20, அதற்கு மேல் 25. 27,000 டாலரோடு வெளியே வரும் மாணவர் 15 வருடப் படியில் விழுகிறார். 6.39 சதவீதத்தில் மாதம் சுமார் 234 டாலர். பழைய பத்து வருடக் கணக்கில் 305 ஆகியிருக்கும். மாதத் தவணை குறைந்ததே என்று மகிழ்ந்தால், மொத்த வட்டியில் 5,400 டாலர்போல கூடுதலாகப் போகும். அரசுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் இல்லை. வேலை நன்றாக இருந்தால் தானாகவே 305 கட்டி வரலாம்.

இரண்டாவது, 'ராப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டம். வரிப் படிவத்தில் உள்ள சரிக்கட்டிய மொத்த வருமானம் 10,000 டாலர் அல்லது அதற்குக் கீழே என்றால் மாதம் 10 டாலர். அதன் பிறகு ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஒரு சதவீதம் ஏறும்: இருபதாயிரம்வரை 1 சதவீதம், முப்பதாயிரம்வரை 2, இப்படியே போய் ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம். வரிப் படிவத்தில் காட்டும் ஒவ்வொரு சார்ந்தவருக்கும் மாதம் 50 டாலர் கழியும்.

வருடம் 35,000 டாலர் சம்பாதிக்கும், 27,000 கடனுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,050, மாதம் 87.50. அவர் கடனுக்கு மாத வட்டியே சுமார் 144. பாக்கி வட்டி கடனில் ஏறாது, அரசே தள்ளிவிடும். அதோடு அசலிலும் மாதம் 50 டாலர் குறையும்படி அரசு பார்த்துக்கொள்ளும். தவணையைக் குறித்த தேதியில் கட்டியிருந்தால்தான் இந்த இரண்டும். ஒழுங்காகக் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும் பழைய கொடுமை இதில் இல்லை. இதை நான் நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

குறை எங்கே என்றால், பாக்கி தள்ளுபடியாக 30 வருடம் ஆகும். பழைய திட்டங்களில் அது 20 அல்லது 25. அப்புறம் அந்த சதவீதப் படிக்கட்டு. வருமானம் 60,000 என்றால் 5 சதவீதம், மாதம் 250. ஒரே ஒரு டாலர் கூடினால் 6 சதவீதம், மாதம் 300. ஒரு டாலருக்கு வருடத்தில் 600 டாலர் செலவு. படியின் ஓரத்தில் நிற்பவர்கள் 401(கே)-யில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வருமானத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கிக்கொள்ளலாம். விலைவாசி ஏறினாலும் இந்தப் படிகள் நகராது என்பதால், சாதாரண சம்பள உயர்வே சிலரை மேல் படிக்குத் தள்ளிவிடும். திருமணமானவர்கள் வரியைத் தனித்தனியாகத் தாக்கல் செய்தால் கடன் வாங்கியவரின் வருமானம் மட்டும் கணக்கில் வரும். அதனால் கூடும் வரியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அரசுத் துறையிலோ லாப நோக்கமற்ற அமைப்பிலோ வேலை பார்ப்பவர்களுக்கு 120 தவணையில் மீதிக் கடன் தள்ளுபடியாகும் திட்டம் தொடர்கிறது, ராப் தவணையும் அதில் சேரும். அந்தத் தள்ளுபடிக்கு மத்திய வரி இல்லை. வருமானத்தை ஒட்டிய திட்டங்களில் 20, 25, 30 வருடம் கழித்து வரும் தள்ளுபடிக்கு இருந்த வரிவிலக்கு 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது.

ஏற்கெனவே கடன் உள்ளவர்கள்

சேவ் என்ற, வருமானத்தை ஒட்டிய திட்டத்தில் இருந்தவர்களுக்கு நீதிமன்ற வழக்கால் தவணை நின்றிருந்தது. ஆனால் 2025 ஆகஸ்ட் 1 முதல் வட்டி மீண்டும் ஏறத் தொடங்கியது. வருமானத்தை ஒட்டிய பழைய திட்டங்கள் நாலில் சேவ், பே, ஐ.சி.ஆர். மூன்றும் 2028 ஜூலை 1-க்குள் மூடப்படும். ஐ.பி.ஆர். மட்டும் பழைய கடன்களுக்குத் தொடரும். 2014 ஜூலை 1-க்குப் பிறகு முதன்முறை கடன் வாங்கியவர்களுக்கு அதில் செலவு போக மிஞ்சுவதாகக் கணக்கிடப்படும் வருமானத்தில் 10 சதவீதம் தவணை, 20 வருடத்தில் தள்ளுபடி; அதற்கு முன்பு வாங்கியவர்களுக்கு 15 சதவீதமும் 25 வருடமும். வருமானம் குறைவாக இருந்தால் ஐ.பி.ஆரில் தவணை பூஜ்யம்கூட ஆகலாம், ராப்பில் 10 டாலராவது உண்டு. கடைசி நாள் வரும்வரை காத்திருந்தால் கடனைக் கையாளும் நிறுவனத்தின் போன் வரிசையில் நாள் கழியும், முன்பே மாறிக்கொள்ளுங்கள்.

பழைய பேரண்ட் பிளஸ் வைத்திருக்கும் பெற்றோருக்குத் தேதி இன்னும் கறாரானது. அந்தக் கடனை 2026 ஜூலை 1-க்கு முன்பே ஒருங்கிணைப்புக் கடனாக (பழைய கடன்களுக்குப் பதிலாக வரும் ஒரே அரசுக் கடன்) மாற்றி, ஐ.சி.ஆரில் சேர்ந்து, அதன் வழியாக ஐ.பி.ஆருக்குப் போனவர்களுக்கு மட்டுமே வருமானத்தை ஒட்டிய தவணை உண்டு. தேதிக்குப் பிறகு ஒருங்கிணைத்தால் அது புதிய கடன், நிலையான தவணைதான். முன்பே மாற்றிக்கொண்டவரும் இளைய பிள்ளைக்காக ஜூலை 1-க்குப் பிறகு இன்னொரு பேரண்ட் பிளஸில் கையெழுத்துப் போட்டால், பழைய கடனுக்குக் கிடைத்த சலுகையை இழக்க நேரிடும். மூத்தவளுக்கு வாங்கிய கடன் தீராமல், இளையவன் கல்லூரிக்குக் கிளம்பும் வீடுகளில் இதற்கு ஒரு வழி, இளையவனுக்கான கடனை மற்ற பெற்றோர் பெயரில் எடுப்பது. அப்பா பெயரில் பழையது இருந்தால், அம்மா பெயரில் புதியது.

ஒருங்கிணைப்பதற்கும் திட்டம் மாறுவதற்கும் அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. 499 டாலர் கொடுத்தால் முடித்துத் தருகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

கல்லூரிக்குச் சம்மதம் சொல்லும் முன் நிதியுதவி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலில் நாலு கேள்விகள் போதும். என் பிள்ளைக்குப் பொருந்துவது பழைய வரம்பா, புதியதா? இந்தப் படிப்புக்குக் கல்லூரி தனியாகக் குறைந்த வரம்பு ஏதும் வைத்திருக்கிறதா? முதல் வருட உதவித்தொகை நாலு வருடமும் வருமா, அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? பெற்றோர் கடன் வாங்க இயலாத நிலையில் கூடுதல் மானியமில்லாக் கடன் தருவீர்களா? மாணவரின் கல்லூரி அடையாள எண்ணைத் தலைப்பிலேயே போட்டு, மாணவரின் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். பெற்றோர் அனுப்பினால், தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்ல மறுக்கலாம்.